பச்சைப் பொட்டு இட்ட விசைகள்

1

இக்குறிப்புகளில் நானே கண்டவையும், படமாகவோ தாளாகவோ என் கையில் இருப்பவையும் மட்டுமே இடம்பெறும். பிறர் சொல்லக் கேட்டதை இன்னார் சொன்னார் என்ற அடையோடு தருவேன். ஊகத்தை ஊகம் என்றே எழுதுவேன். அயல்நாட்டு வாழ்வைப் பற்றி நான் முன்பு எழுதியவற்றில் வாசகர் கண்ட சுவை இதில் இராது.

இவ்வளவு கட்டுப்பாடு, இதை எழுதச் சொன்னவன் விதித்த நிபந்தனை. அவன் பெயர் ஏகாம்பரம். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடைப்பட்ட ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒப்பந்தக் காவலாளி. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். அவன் மனைவி செல்வி இறந்து இந்த வைகாசியோடு ஓராண்டு நிறைகிறது. அவள் சாவில் தன் கைக்குப் பங்கு உண்டா என்பதை அவன் அறிய விரும்புகிறான். அறிந்து சொல்லக்கூடியவன் நான் ஒருவனே என்று நம்புகிறான்.

அலுவலகம் எந்த ஊரில் உள்ளது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். அவன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான்.

2

நான் ஜெர்மனியின் வடபகுதியில் ஒரு சிறு நகரத்தில் குடியேறிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. நகராட்சியில் வேலை. நகராட்சிக்குச் சொந்தமான பள்ளிகள், நூலகம், நீச்சல்குளம், தீயணைப்பு நிலையம் ஆகிய கட்டடங்கள் செலவழிக்கும் மின்சாரத்தையும் வெப்பத்தையும் குறைப்பது என் பணி. காலை ஏழு மணிக்கு ஏதேனும் ஒரு கட்டடத்தின் நிலவறையில் நின்று அளவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆள் இல்லாத அறையில் எரியும் விளக்கு எங்கே, யாரும் குளிக்காத குளத்துக்குச் சூடேற்றும் குழாய் எது என்று தேடுவேன். எண்கள் குறைந்தால் அன்றைய நாள் நல்ல நாள்.

இவ்வேலையில் தாள் அதிகம். சில ஆண்டுகளுக்கு முன்பு நூலகத்தில் ஒரு காப்பி இயந்திரத்தை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாற்றினார்கள். அதற்கு ஒரு படிவம். படிவத்தில் மூன்று கையொப்பங்கள். விசைப் பலகைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் ஒரு திருத்தம். திருத்தியவர் பெயர், நாள். ஐயப்பன்தாங்கலில் இருக்கும் என் தம்பியிடம் தொலைபேசியில் இதைச் சொல்லிச் சிரித்தேன். "காப்பி போட்டுக் குடிக்கிறதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவீங்கண்ணா" என்றான் அவன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அந்தப் படிவத்தின் படியொன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கோப்பறையிலிருந்து நானே கேட்டு வாங்கினேன்.

3

ஈராண்டுகளுக்கு முந்தைய ஆடி மாதம், இங்குப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், ஊருக்கு வந்திருந்தேன். பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டின் வரியில் பெயர்மாற்றம் செய்யவேண்டியிருந்தது. நான்கு பிற்பகல்கள் அந்த அலுவலகத்தில் காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் வேறு வேலை இல்லாததால் விளக்குகளை எண்ணினேன். ஆளற்ற கூட்ட அறையில் ஆறு மின்விசிறிகள் சுழன்றன. வெயில் பளீரென்று விழும் தாழ்வாரத்தில் குழல்விளக்குகள் எரிந்தன. தொழிலால் வந்த அரிப்பு இது; மறைக்க விரும்பவில்லை.

நான்காம் நாள் ஐந்து மணிக்கு, "நாளைக்கு வாங்க சார்" என்ற விடையோடு வெளியே வந்தேன். வாயிலில் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த ஒருவன் என்னை உற்றுப் பார்த்தான்.

"டேய்... நீயா? இன்னா மாமே, வெள்ளக்காரன் ஊர்ல சோறே போடலயா? இப்டி எளச்சிகினு வந்து நிக்கிற!"

முப்பதாண்டு இடைவெளியை அவன் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். அந்த விளக்குகளையும் விசிறிகளையும் இரவில் யார் அணைப்பார்கள் என்று கேட்டேன்.

"யார் அணைப்பா? ரூமெல்லாம் பூட்டிகினு பூடுவாங்க. உள்ள அது பாட்டுக்குச் சுத்திகினு கீது."

"நீ அணைக்கக்கூடாதா? மெயின் போர்டு வராண்டாவிலதானே இருக்கு?"

"மொத்தமா அமுத்தனா தண்ணி மோட்டாரு நின்னுடும், மருந்து ரூம்ல பிரிட்ஜி நின்னுடும். அப்பால காலைல எவன் திட்டு வாங்கறது? நா ஒரு கான்ட்ராக்ட் ஆளு. சொம்மா கீற சங்க நா ஏன் ஊதணும்?"

அவன் சொன்னது சரி. அக்கட்டடத்தின் முன்பகுதி அலுவலகம், நடுவே கூட்ட அறை, பின்பகுதியில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு சிறு மருந்தகம். மூன்றுக்கும் ஒரே விசைப் பலகை. அதில் எட்டு விசைகள். எந்த விசை எந்த அறைக்கு என்று எழுதிவைத்தவர் எவரும் இலர்.

மறுநாள் பெயர்மாற்றத் தாள் கைக்கு வந்தபோது, அலுவலரிடம் இதைப் பேசினேன். நல்ல மனிதர், காது கொடுத்துக் கேட்டார். "நல்ல காரியம்தான் சார். செய்யுங்க. பேப்பர்ல மட்டும் எதுவும் வேணாம். யார் உத்தரவுன்னு நாளைக்கு ஆடிட்ல கேட்பாங்க" என்றார். எழுத்தில் தராமல் ஒரு வேலையைச் செய்வது என் தொழிலில் தவறு. தெரிந்தும் ஒப்புக்கொண்டேன்.

அன்று மாலை, ஏகாம்பரம் ஒவ்வோர் அறையாக ஓடி "எரியுது", "நின்னுச்சு" என்று குரல் கொடுக்க, நான் விசைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன். மருந்தறை, கணிப்பொறி அறை, குடிநீர் மோட்டார் ஆகிய மூன்றையும் அணைக்கக்கூடாது. எஞ்சிய ஐந்தையும் மாலையில் அணைக்கலாம். அடையாளம் ஒட்ட வண்ணத்தாள் வேண்டும். அப்போதுதான் செல்வி வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலை அவளுக்கு. நூம்பலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவாள்.

"கலரா வேணும்? பேப்பர் எதுக்குண்ணா?" என்று கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்து நீட்டினாள். "செவப்பு கீது, பச்சை கீது, ஊதாவும் கீது. எந்தச் சேலைக்கு வேணும், உங்க சுச்சு போர்டுக்கு?"

சிவப்பும் பச்சையும் வாங்கினேன். மூன்று சிவப்பு, ஐந்து பச்சை. என் விரலால் ஒட்டினேன்.

"பொட்டு வெச்சாச்சு. ரெண்டு மொழம் பூவும் ஒரு டஜன் வளையலும் போட்டா வளைகாப்பே முடிச்சிடலாம்" என்றாள் செல்வி.

"ஏய், சொம்மா இரு. அவன் ஜெர்மனில பெரிய இன்ஜினியரு."

"இருந்தா இன்னா? இன்ஜினியருக்கே பொட்டு நாந்தான குடுத்தேன்?"

மூவரும் சிரித்தோம். பிறகு நான் ஏகாம்பரத்திடம் தெளிவாகச் சொன்னேன். பச்சையை மாலை ஆறு மணிக்கு அணை, சிவப்பைத் தொடாதே, காலையில் துப்புரவுப் பணியாளர் வந்ததும் பச்சையை மறுபடி போடட்டும். அவன் அதைப் பாடம்போல் திருப்பிச் சொன்னான். ஒரு பொருளை ஓர் அறையிலிருந்து வேறோர் அறைக்கு மாற்றினால் என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

4

அன்று முதல் ஒரு நாள் கூட அவன் தவறவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அளவியைப் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பினான். கூடவே ஒரு குரல் செய்தி: "பாத்துக்க மாமே. பச்சையெல்லாம் அமுத்தியாச்சு, செவப்பு மேல கை படல." ஆவணியில் எண் குறைந்தது, நான் கணித்த அளவுக்குச் சரியாகக் குறைந்தது. ஐப்பசியில் கணித்ததைவிடவும் குறைந்தது. மழைக்காலம், விசிறிகள் ஓடியிரா என்று எனக்கு நானே விடை சொல்லிக்கொண்டேன். மாசியில் வெயில் ஏறி விசிறிகள் மறுபடி சுழலத் தொடங்கிய பின்னும் அந்தக் கூடுதல் குறைவு நீங்கவில்லை. என் நகராட்சியின் கட்டடம் ஒன்றில் இப்படி நடந்திருந்தால் அன்றே ஆளனுப்பியிருப்பேன். கணக்குக்கு மேல் வரும் சேமிப்பு, கணக்குக்கு மேல் வரும் செலவைப் போலவே விசாரிக்கத்தக்கது. புதிதாகச் சேர்வோருக்கு நான் கற்பிக்கும் முதல் பாடம் அது.

நான் விசாரிக்கவில்லை. பெருமைப்பட்டேன். அந்த எண்களை வரைபடமாக்கி உடன் பணியாற்றுவோருக்குக் காட்டினேன்.

என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் விடை சொல்பவள். ஊரைப் பற்றி நான் சொல்லும் எதுவும் அவளுக்குச் சலிப்பு. ஆனால் பொட்டுக் கதை அவளைப் பிடித்துக்கொண்டது. பள்ளியில் சுற்றுச்சூழல் பாடத்துக்கு அதையே எடுத்துப் பேசினாள். விசைப் பலகையின் படம், அளவியின் படங்கள், பலகை அருகே சிரித்துக்கொண்டு நிற்கும் செல்வியின் படம் எல்லாம் அதில் இருந்தன. நாங்கள் பிறந்த ஊரைப் பற்றி அவள் தானாக முன்வந்து பேசிய முதல் நாள் அது. அன்று இரவு உணவின்போது என்னிடம் தமிழில் பேசினாள். நான்கைந்து வாக்கியங்கள் இருக்கும்.

5

இனி வருபவை ஏகாம்பரம் சொன்னவை. மருந்தகச் சீட்டு மட்டும் படமாக என்னிடம் உள்ளது.

பங்குனித் தொடக்கத்தில், வேலை முடிந்து ஷேர் ஆட்டோவிலிருந்து வேலப்பன்சாவடியில் இறங்கியபோது, தெருநாய் ஒன்று செல்வியின் கெண்டைக்காலைக் கவ்வியது. அருகிலிருந்த கடைக்காரர் சுண்ணாம்பு தடவினார். வீட்டுக்கு வந்து கழுவினாள். எவ்வளவு நேரம் கழுவினாள், சோப்புப் போட்டாளா என்பது அவனுக்கு நினைவில்லை. மறுநாள் காலை அவன் காவல் காக்கும் கட்டடத்தின் மருந்தகத்துக்கே அவளை அழைத்துப் போனான். "நம்ம எடம் மாமே. கியூ இல்லாம போட்டு வுட்டாங்க." ஊசி போட்டவர்கள், காயம் ஆழமாக இருப்பதால் காயத்தைச் சுற்றிப் போடவேண்டிய இன்னோர் ஊசியும் உண்டு, அது இங்கே இல்லை, நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்று சீட்டு எழுதித் தந்தார்கள். அவள் போகவில்லை. கம்பெனியில் அந்த வாரம் சரக்கு அனுப்பும் வாரம், விடுப்பு கிடையாது. இங்கேயே போடும் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொண்டால் போதும் என்று இருவரும் எண்ணினார்கள். தவறவில்லை. சீட்டில் நான்கு நாள்களுக்கும் நான்கு குறிகள் உள்ளன.

வைகாசியில் காலில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்றாள். மூன்றாம் நாள் தண்ணீர்க் குவளையை வாயருகே கொண்டுபோக முடியவில்லை. அதற்கு மேல் ஏகாம்பரம் எனக்குச் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. நான்கு நாளில் முடிந்துவிட்டது.

செய்தி கேட்ட நாளில் நான் வேலையில் இருந்தேன். உடன் பணியாற்றும் பெண்மணி என் முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்டார். நாய்க்கடி நோயை இவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று அந்நேரத்தில் எனக்கு ஓடவில்லை. பதினேழு ஆண்டுகளில் அச்சொல் ஒரு முறையும் தேவைப்பட்டதில்லை. சுற்றிவளைத்து விளக்கினேன். அவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: "அது இன்னமும் இருக்கிறதா?"

6

செல்வி இறந்த அடுத்த மாதம் படம் வரவில்லை. ஆடி முதல் தேதியன்று மறுபடி வந்தது, குரல் செய்தி இல்லாமல். பொட்டு வைத்து ஓராண்டு ஆகியிருந்தது. அதுவரை வந்த எண்களையெல்லாம் வரிசையாக எழுதினேன். வரிசையாகப் பார்த்ததும் அந்த ஐப்பசி கண்ணை உறுத்தியது. ஆவணியில் ஒரு படி இறக்கம், ஐப்பசியில் இன்னொரு சிறு படி இறக்கம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். அவனை அழைத்தேன்.

"ஏகா, போன ஐப்பசியில ஆபீஸ்ல எதாவது மாறிச்சா? ஏதாவது மெஷின் எடுத்தாங்களா?"

"அங்க இன்னா மெஷின் கீது எடுக்க? ஒண்ணும் மாறல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மயதான் புட்சிகினு ஊத்துச்சு. மருந்து ரூம்ல சீலிங்கு ஒயுக ஆரம்பிச்சிடுச்சு. அந்த பிரிட்ஜிதான், அத்த நாங்க நாலு பேரா தூக்கிகினு வந்து மீட்டிங் ஹால்ல வெச்சோம். இன்னும் அங்கதான் கீது."

எதிரே இருந்த தாளில் ஐப்பசி எண்ணைச் சுற்றி வட்டமிட்டேன்.

"மாமே? லைன்ல கீறியா?"

"இருக்கேன். மீட்டிங் ஹால்ல... எந்தப் பக்கம்?"

"மேடைக்குப் பின்னாடி. அதுவும் கலீஜு எடம்தான். டெய்லி காலைல அதுங்கீய தண்ணி நிக்கும். பெருக்கற அம்மா தொடச்சித் தொடச்சி அலுத்துக்கும், இங்கயும் ஒயுகுதான்னு."

"மழை நின்னதுக்கு அப்புறமும் தண்ணி நின்னுதா?"

"ஆமா. தை, மாசில கூட நின்னுச்சு. ஏன் கேக்கற?"

கூட்ட அறையின் விசைக்குப் பச்சைப் பொட்டு. மாலை ஆறு முதல் காலை எட்டு வரை பதினான்கு மணி நேரம். அது தடுப்பூசிகளுக்கென்று செய்த சிறப்புப் பெட்டி அன்று. வீடுகளில் இருக்கும் சாதாரணக் குளிர்பதனப் பெட்டி. அதன்கீழ் நின்றது மழைநீர் அன்று, உருகிய பனி. இது என் ஊகம். ஆனால் தை மாதத்தில் அங்கே வேறு நீர் வர வழியில்லை.

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

7

பதினொரு நாள் அவனிடம் சொல்லவில்லை. இந்தப் பதினொரு நாளுக்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. ஐப்பசியைப் பற்றி நான் கேட்ட நாளில் அந்தப் பெட்டி இன்னும் அதே விசையில்தான் இருந்தது. தம்பியிடம் மறுநாளே சொல்லி மருந்தகத்தாரை எச்சரிக்கச் செய்தேன். அவர்கள் பெட்டியை வேறு இணைப்புக்கு மாற்றிவிட்டதாக அவன் சொன்னான். ஆனால் ஏகாம்பரத்திடம் சொல்லவில்லை. காலையில் நிலவறைகளுக்குப் போவேன்; அளவியைப் பார்ப்பேன்; எண்ணைக் குறிக்க மறந்து திரும்புவேன்.

முதலில் மகளிடம் சொன்னேன். அவள் பள்ளியில் பேசிய கதை அது, அவளுக்குத் தெரியவேண்டும். முழுவதும் கேட்டாள். பிறகு ஜெர்மனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்கள் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லையா?"

இல்லை என்றேன். அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள். அதன்பின் பொட்டுக் கதையைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சில்லை. தமிழும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் ஏகாம்பரத்தை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தெளிவாகப் புரியட்டும் என்று இரண்டு முறை சொன்னேன். 

"அப்போ தெனமும் நா அமுத்தனது அத்ததானா?"

"நான் சொல்லித்தான் நீ அமுத்தின."

"அத்த கேக்கல மாமே. அமுத்தனது என் கைதான?"

"ஏகா..."

"லீவு போடாம அமுத்தனேன்டா. ஜொரத்துல கூட வந்து அமுத்தனேன். அவ ஊசி போட்டுகினு ஊட்டுக்குப் போன அன்னிக்கும் ஆறு மணிக்கு அமுத்தனேன்."

இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

8

ஊசிமருந்து கெட்டிருந்ததா என்று அறிய ஒரே வழி, அந்தப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைக் கேட்கலாம். நான் விண்ணப்பம் எழுதினேன். எழுதி முடித்த பிறகே, நான் கேட்க இயலாது என்பது உறைத்தது. அவ்வுரிமை இந்தியக் குடிமக்களுக்கு உரியது. நான் குடியுரிமை மாற்றிக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்தபோது, இனி விமான நிலையங்களில் நீண்ட வரிசையில் நிற்கவேண்டாம் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது.

ஆகவே விண்ணப்பத்தில் ஏகாம்பரம் கையொப்பமிட்டான். தன் மனைவிக்குப் போட்ட மருந்து எங்கே, எவ்வளவு குளிரில் இருந்தது என்று தான் காவல் காக்கும் அலுவலகத்தையே கேட்டான். "இந்த மனுவக் குடுக்க நானே என்னை உள்ள வுட்டேன் மாமே" என்றான். அவன் சிரித்தானா என்பது தொலைபேசியில் தெரியவில்லை.

விடை ஐப்பசியில் வந்தது. படி என்னிடம் உள்ளது. அதில் இரண்டு செய்திகள். ஒன்று: மாலைநேரங்களில் விசைகளை அணைக்குமாறு அவ்வலுவலகத்தால் எவருக்கும், எக்காலத்தும், எவ்வித அறிவுறுத்தலும் வழங்கப்படவில்லை. இது உண்மை. இரண்டு: வெப்பநிலைப் பதிவேட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

பதிவேட்டில் நாளொன்றுக்கு இரண்டு கட்டங்கள், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. ஐப்பசி முதல் வைகாசி வரை எல்லாக் கட்டங்களிலும் 'நான்கு' என்று எழுதியிருந்தது. மருந்தகம் மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான்கு. பொங்கல் அன்று காலையும் மாலையும் நான்கு. பக்கம் முழுவதும் ஒரே பேனா, ஒரே சாய்வு. எழுதியவரை நான் குற்றம் சொல்லத் துணியவில்லை. மேலிருந்து யார் வந்து பார்த்தாலும் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். எண் எனக்கு வேண்டியபடி இருந்தபோது நானும் அதற்குமேல் பார்க்கவில்லை.

தம்பியின் வழியே ஒரு மருத்துவரைக் கேட்டேன். அவர் சொன்னவை: இவ்வகை மருந்து உலர்ந்த தூளாக வருவது, வேறு பல தடுப்பூசிகளைவிட வெப்பத்தைத் தாங்கக்கூடியது, ஆனால் நாள்தோறும் சூடாகியும் குளிர்ந்தும் கிடந்த குப்பி எவ்வளவு நாள் தாங்கும் என்பதை அந்தக் குப்பியைச் சோதித்தாலன்றிச் சொல்ல இயலாது. ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் ஊசி இன்றியமையாதது. அது போடாததே காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். குப்பிகளைக் குப்பையில் போட்டு மாதங்கள் ஆகிவிட்டன.

இதை ஏகாம்பரத்திடம் சொன்னபோது, ஆறுதல் சொல்லும் குரல் என்னிடம் தானாக வந்தது. அந்த இன்னோர் ஊசியைப் பற்றியே மறுபடி மறுபடி பேசினேன். அவன் இடைமறித்தான்.

"நிறுத்து. நீ பேசுனா எனக்கு எல்லாமே நல்லதா கேக்குது. அப்பால வந்து ஒக்காந்தா ஒண்ணுமே நிக்கல. நீ எயுது. தெரிஞ்சத தெரிஞ்சதுன்னு போடு. தெரியாதத தெரியாதுன்னு போடு. நடுவுல எனக்கோசரம் ஒரு வார்த்த சேக்காத. சேத்தா கண்டுபுட்சிடுவேன். உங்கூட அஞ்சு வருசம் ஒரே பெஞ்சில குந்திகினு இருந்தவன்டா நானு."

"எழுதறேன்."

"அவ பேரு போடு. என் பேரும் போடு. ஆபீசு பேரு வாணாம். பொயப்பு கீது."

9

மருந்தறையின் கூரை இன்னும் ஒழுகுகிறது. குளிர்பதனப் பெட்டி இன்னும் கூட்ட அறையில்தான் இருக்கிறது. தனிக் கம்பி இழுத்து வேறு விசையில் இணைத்திருக்கிறார்கள். ஏகாம்பரம் பச்சைப் பொட்டுகள் ஐந்தையும் பெயர்த்துவிட்டான். அவை இருந்த இடத்தில் பிசின் வட்டங்கள் அழுக்கேறித் தெரிகின்றன. இப்போது அவன் எந்த விசையையும் அணைப்பதில்லை. விசிறிகளும் விளக்குகளும் பூட்டிய அறைகளுக்குள் இரவெல்லாம் ஓடுகின்றன. அளவியின் எண் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அது குறைந்தபோது அலுவலகத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, ஏறியபோதும் கேட்கவில்லை.

முதல் தேதிப் படங்கள் நின்றுவிட்டன. மாறாக நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு படம் வருகிறது. குளிர்பதனப் பெட்டியின் பக்கவாட்டில் விரித்து வைத்த அவன் உள்ளங்கை. அறையைப் பூட்டுமுன் உள்ளே போய், பெட்டி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறான். சொல் எதுவும் இராது. எனக்கு அது பிற்பகல் இரண்டரை மணி. ஏதேனும் ஒரு கட்டடத்தில் அளவியின் முன் நிற்பேன். பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக ஒரு புள்ளி வைத்து அனுப்புவேன்.

இனி, அவன் கேட்டபடி.

தெரிந்தவை: ஐப்பசி முதல் ஆடி வரை அந்தப் பெட்டி நாள்தோறும் பதினான்கு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது. அணைத்த கை ஏகாம்பரத்தினுடையது. அணைக்கச் சொன்ன வாய் என்னுடையது. பொட்டை ஒட்டிய விரல் என்னுடையது. பெட்டியை அந்த அறைக்கு மாற்றியதை எனக்கு எவரும் தெரிவிக்கவில்லை. தெரிவிக்கவேண்டும் என்று நானும் எவரிடமும் சொல்லவில்லை. எண் கணக்குக்கு மேல் குறைந்ததை நான் பார்த்தேன். கேட்கவில்லை.

தெரியாதவை: செல்விக்குப் போட்ட நான்கு ஊசிகளின் குப்பிகள் அந்தப் பெட்டிக்குள் எந்த நாளில் வந்தன என்பது தெரியாது. அவை எத்தனை இரவு அங்கே கிடந்தன என்பது தெரியாது. பெட்டிக்குள் எவ்வளவு சூடு ஏறியது என்பது தெரியாது. எழுதிவைத்த எண்ணை நம்ப இயலாது. அதே மாதங்களில் அங்கே ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்கள் யார், எப்படி இருக்கிறார்கள் என்பது தெரியாது. கேட்டிருக்கிறோம், விடை வரவில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்பது தெரியாது. பச்சைப் பொட்டு இல்லாதிருந்தால் பிழைத்திருப்பாளா என்பதும் தெரியாது.

ஏகா, உன் கைக்குப் பங்கு உண்டா என்று நீ கேட்டாய். எனக்குத் தெரியாது.